அமிலாய்டு அகற்றம்: ஒரு நூற்றாண்டு வரலாறு

அல்சைமர் நோயால் இறந்தவரின் மூளைப் புறணியை மெல்லிய சீவலாக வெட்டி, வெள்ளி உப்பில் தோய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வகைச் சிதைவுகள் தெரியும். ஒன்று, நரம்பணுக்களுக்கு வெளியே கருந்திட்டுகளாகப் படிந்திருப்பது. பீட்டா அமிலாய்டு என்னும் சிறு புரதத்துண்டு திரண்டு உண்டாகும் படிவு இது. மற்றொன்று, நரம்பணுவுக்கு உள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடக்கும் இழைச்சிக்கல். அது டௌ என்ற வேறொரு புரதத்தால் ஆனது. கடந்த கால் நூற்றாண்டில் அல்சைமர் மருந்து ஆய்வுக்குச் செலவான பணத்திலும் உழைப்பிலும் பெரும்பங்கு முதல் வகைப் படிவை அகற்றும் முயற்சிக்கே போயிற்று. படிவை அகற்ற முடியுமா என்ற கேள்விக்கு இன்று ஐயமற்ற விடை உண்டு, முடியும். அகற்றினால் நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணியதில்தான் பல ஆண்டுகள் கழிந்தன.

இந்நோயின் வரலாற்றில் முதல் நோயாளி 1901 நவம்பர் 25 அன்று பிராங்பர்ட் நகர மனநோய்க் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். பெயர் ஆகஸ்டே டீட்டர், வயது 51, ரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி. கணவர்மீது காரணமில்லாத சந்தேகமாகத் தொடங்கியது மறதியாக முற்றியது. சமையல் தடுமாறியது, வீட்டுப் பொருள்களை எடுத்து எங்கோ ஒளித்து வைத்தார். காப்பக மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன விடைகளையும் வரி பிசகாமல் எழுதிவைத்தார். பெயர் கேட்டால் ஆகஸ்டே. குடும்பப்பெயர் கேட்டாலும் ஆகஸ்டே. கணவர் பெயர் கேட்டபோதும் அதே பெயர்தான் வந்தது. பகலுணவில் காலிபிளவரும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். இக்குறிப்புகள் அடங்கிய கோப்பு பல்லாண்டு காணாமல் கிடந்து, 1995இல்தான் பிராங்பர்ட்டில் மீண்டும் கைக்குக் கிடைத்தது.

அல்சைமர் 1903இல் மனநோய் மருத்துவர் எமில் கிரேபெலினுடன் மியூனிக் மனநோய் மருத்துவமனைக்கு மாறிவிட்டார். ஆனாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8 அன்று டீட்டர் இறந்ததும் மூளையும் கோப்பும் மியூனிக்குக்கு வரவழைக்கப்பட்டன. மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி சில ஆண்டுகளுக்கு முன்புதான் வகுத்திருந்த வெள்ளிச் சாய முறையால் அல்சைமர் அம்மூளையை ஆராய்ந்தார். திட்டுகளும் இழைச்சிக்கல்களும் புறணி முழுவதும் பரவியிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விவரித்தார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூட்டத் தலைவர் அடுத்த உரைக்குப் போனார். முதுமை மறதி கிழப்பருவத்தோடு வருவது, அதில் ஆராய என்ன இருக்கிறது என்பதே அன்றைய பொதுக்கருத்து. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது வந்ததுதான் அல்சைமருக்கு வியப்பு.

திட்டுகளை முதலில் கண்டவர் அல்சைமர் அல்லர். வலிப்பு நோயால் இறந்த ஒருவரின் மூளையில் போல் பிளாக், ஜார்ஜ் மரினெஸ்கோ என்ற இருவர் 1892இலேயே அவற்றைக் குறித்திருந்தனர். முறையாக எண்ணிப் பார்த்தவர் பிராகாவைச் சேர்ந்த ஆஸ்கர் ஃபிஷர். முதுமை மறதியோடு இறந்த 16 பேரின் மூளைகளில் 12இல் திட்டுகளைக் கண்டு 1907இல் வெளியிட்டார். ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுதிய அல்சைமரைவிட ஃபிஷரின் சான்று வலுவானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1910இல் வந்த தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் கிரேபெலின் தம் சக ஊழியரின் பெயரைத்தான் நோய்க்குச் சூட்டினார். மியூனிக்குக்கும் பிராகாவுக்கும் இருந்த போட்டியும் அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். யூதரான ஃபிஷர் 1942இல் தெரேசின் சிறையில் நாஜிக்களின் பிடியில் மாண்டார். அவர் பெயர் வெளியே வர அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஆயின.

அடுத்த அரை நூற்றாண்டில் முன்னேற்றம் மிகக் குறைவு. அமிலாய்டு என்ற சொல் 1854இலிருந்தே இருந்தது. உடலுறுப்புகளில் படியும் ஒருவகைப் பொருள் அயோடின் பட்டு மாவுச்சத்துபோல் நிறம் மாறியதைக் கண்டு ருடால்ஃப் விர்ஹோ அப்பெயரைப் பயன்படுத்தினார். ஐந்தாண்டில் அது புரதமே என்று தெரிந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. 1922இல் காங்கோ ரெட் என்ற துணிச்சாயம் அமிலாய்டைப் பற்றிக்கொள்வது கண்டறியப்பட்டது. 1927இல் பெல்ஜியத்தின் போல் டிவ்ரி மூளைத் திட்டுகளும் அச்சாயத்தை ஏற்பதைக் காட்டினார். திட்டுகளின் நடுவே மெல்லிய நார்கள் இருப்பதை 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அவை எந்தப் புரதம் என்பது மட்டும் பிடிபடவில்லை. கரையாத பொருளைப் பிரித்து ஆராய வழியில்லாமல் இருந்தது.

இந்த மந்தத்தைக் கலைத்தது இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து வந்த ஆய்வு. கேரி பிளெஸ்ஸட், பெர்னார்ட் டாம்லின்சன், மார்ட்டின் ராத் மூவரும் முதியோரின் மறதியை அவர்கள் உயிரோடிருக்கும்போதே மதிப்பிட்டு, இறந்தபின் மூளையில் திட்டுகளை எண்ணினார்கள். 1968இல் வெளியான முடிவு, திட்டு கூடக்கூட மறதியும் கூடியதைக் காட்டியது. ஆக, அல்சைமர் நோய் நடுவயதில் எப்போதோ வரும் அபூர்வ நோய் அன்று. முதுமை மறதி என்று ஒதுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்நோயேதான். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் கட்ஸ்மன் 1976இல் இதையே உரக்கச் சொன்னபோது, ஆய்வு நிதி ஒதுக்குவோரின் காதிலும் அது விழுந்தது.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் சான் டியேகோவில் பணியாற்றிய ஜார்ஜ் கிளென்னர். இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் படியும் அமிலாய்டில்தான் அவர் வாழ்நாள் அனுபவம். உள்ளுறுப்பு அமிலாய்டு ஒன்று நோய் எதிர்ப்புப் புரதத்தின் துண்டே என்பதை முன்பே நிறுவியிருந்தார். மூளைத் திட்டுகளைப் பிரிக்க முடியாதென்று மற்றவர்கள் மலைத்து நின்ற இடத்தில், அவர் மூளையுறையின் ரத்தக்குழாய்ச் சுவர்களை எடுத்துக்கொண்டார். அல்சைமர் நோயில் அங்கும் அமிலாய்டு படிகிறது, பிரிப்பதும் எளிது. 1984இல் அவரும் கெய்ன் வாங்கும் அப்புரதத்தின் தொடக்க அமினோ அமில வரிசையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் மூளையிலும் அதே புரதம் இருப்பதைக் காட்டினார்கள். டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் ஒரு படி கூடுதல். அத்தகையோருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே மூளையில் திட்டுகள் நிறைந்துவிடுகின்றன. ஆகவே இப்புரதத்தின் மரபணுவும் அந்தக் குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று கிளென்னர் ஊகித்தார். மூன்றாண்டில் அது மெய்யாயிற்று. அமிலாய்டை ஆராய்ந்தே காலங்கழித்த கிளென்னரை 1995இல் கொன்றதும் அமிலாய்டுதான், இதயத்தில் படிந்த வேறு வகை.

1985இல் ஆஸ்திரேலியாவின் காலின் மாஸ்டர்ஸும் ஜெர்மனியின் கொன்ராட் பைராய்தரும் திட்டுகளின் கருவையே பிரித்தெடுத்து, அங்கும் அதே புரதம் இருப்பதை உறுதி செய்தனர். 1987இல் மரபணு கிடைத்தது. நரம்பணுவின் உறையில் குறுக்கே செருகி நிற்கும் ஒரு நீண்ட புரதத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது பீட்டா அமிலாய்டு உதிர்கிறது. பீட்டா செக்ரிடேஸ் ஒரு முனையில் வெட்டும், காமா செக்ரிடேஸ் மறுமுனையில். காமாவின் வெட்டு சற்றுத் தள்ளி விழுந்தால் 40க்குப் பதிலாக 42 அமினோ அமில நீளமுள்ள துண்டு வரும். ஒட்டித் திரளும் குணம் இதற்கே அதிகம். 1991இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலிசன் கோட், ஜான் ஹார்டி குழு, தலைமுறை தலைமுறையாக இளவயதில் இந்நோய் தாக்கிய ஒரு குடும்பத்தில் அம்மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டது. மறு ஆண்டே ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்: அமிலாய்டு படிவதுதான் முதல் நிகழ்வு, டௌ சிக்கல், நரம்பணுச் சாவு, மறதி எல்லாம் அதன் பின்விளைவு. 1995இல் பிரெசெனிலின் மரபணுக்கள் கண்டறியப்பட்டபோது இது மேலும் வலுப்பெற்றது. அவை உருவாக்கும் புரதங்கள் காமா செக்ரிடேஸ் நொதியின் பகுதிகளே என்று பிறகு தெரிந்தது.

கருதுகோள் வலுவானதுதான், ஆனால் அதற்குப் பொருந்தாத செய்திகளும் தொடக்கத்திலிருந்தே இருந்தன. திட்டுகள் இருக்கும் இடமும் நரம்பணு சாகும் இடமும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை; மறதியின் அளவோடு நெருங்கிப் பொருந்துவது டௌ சிக்கல்தான். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் ஒருவர் 101 வயதில் இறக்கும்வரை நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். அவர் மூளையைத் திறந்தால் திட்டுகள் மண்டிக்கிடந்தன. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. பீட்டா அமிலாய்டு குறைவாக உற்பத்தியாகும்படி மரபணு மாற்றம் பெற்ற சில ஐஸ்லாந்துக்காரர்களை இந்நோய் அரிதாகவே அண்டுகிறது என்று 2012இல் தெரியவந்தது. அமிலாய்டு இல்லாமல் இந்நோய் இல்லை, அமிலாய்டு மட்டுமே நோயும் அன்று என்ற நிதானமான நிலைப்பாடு அன்றே எடுத்திருக்கக்கூடியதுதான். ஆனால் மருந்து நிறுவனங்களுக்குத் தாக்குவதற்குத் தெளிவான ஓர் இலக்கு தேவைப்பட்டது.

படிவை நீக்குவது என்பது மூளைக்குப் புதிய வேலையும் அன்று. பீட்டா அமிலாய்டு எல்லா மனித மூளைகளிலும் நாள்தோறும் உண்டாகி நாள்தோறும் நீங்குகிறது. நெப்ரிலைசின் போன்ற நொதிகள் அதை வெட்டுகின்றன. மைக்ரோகிளியா எனப்படும் மூளையின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. கொஞ்சம் ரத்தக்குழாய்ச் சுவரோரமாகவும் மூளைத் தண்டுவட நீர் வழியாகவும் வெளியேறுகிறது. உறக்கத்தின்போது இவ்வெளியேற்றம் கூடுவதை ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கென் நெடர்கார்ட் குழு 2013இல் எலிகளில் காட்டியது. செயின்ட் லூயிஸில் ராண்டல் பேட்மன் இதை மனிதரிலேயே அளந்தார். அடையாளமிட்ட அமினோ அமிலத்தைச் சிரை வழியே செலுத்தி, தண்டுவட நீரில் புதிய அமிலாய்டு தோன்றுவதையும் மறைவதையும் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார். 2010இல் வெளியான முடிவு: முதுமையில் வரும் அல்சைமர் நோயாளிகளுக்கு உற்பத்தி மற்றவர்களைப் போலத்தான், அகற்றும் வேகம்தான் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. தவறு உற்பத்தியில் இல்லை, அகற்றத்தில் என்பதற்கு இது நேரடிச் சான்று. நொதித் தடுப்பு மருந்துகளில் முனைந்திருந்தவர்கள் இதற்குக் கொடுக்க வேண்டிய கவனத்தைக் கொடுக்கவில்லை.

அகற்றும் சிந்தனை இதற்குப் பத்தாண்டுக்கும் மேலாக முன்பே பிறந்துவிட்டது. டெல் அவிவில் பெக்கா சாலமன் 1990களின் நடுவில், குறிப்பிட்ட ஆன்டிபாடிகள் சோதனைக்குழாயில் அமிலாய்டு நார் திரள்வதைத் தடுப்பதையும் திரண்டதைக் குலைப்பதையும் காட்டினார். கலிபோர்னியாவில் ஈலான் நிறுவனத்தின் டேல் ஷெங்க் ஒருபடி மேலே போய், அமிலாய்டையே தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார். மூளைக்குள் ஆன்டிபாடி நுழையவே நுழையாது என்பது அன்றைய நம்பிக்கை. சக ஆய்வாளர்களே இதை வீண்வேலை என்று எண்ணினார்கள். மனித மரபணு புகுத்தி மூளையில் திட்டு உண்டாகும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஆறு வார வயதிலிருந்து ஊசி போடப்பட்டது. பதின்மூன்று மாதத்தில் பார்த்தபோது திட்டு அநேகமாக இல்லை. ஏற்கெனவே திட்டு படியத் தொடங்கிய முதிய எலிகளிலும் படிவு வெகுவாகக் குறைந்தது. 1999இல் நேச்சர் இதழில் வந்த இக்கட்டுரையை அல்சைமர் ஆய்வின் திருப்புமுனை என்பது மிகையில்லை.

ஏஎன்-1792 என்ற பெயரில் தடுப்பூசி மனிதருக்கு வந்தது. முதல் கட்டச் சோதனை பிரிட்டனில் 80 பேரிடம் நடந்தது. இரண்டாம் கட்டத்தில் 372 பேர் சேர்ந்தனர். 300 பேருக்கு உண்மையான ஊசி. 2002 ஜனவரியில் எல்லாம் நின்றது. ஊசி பெற்றவர்களில் 18 பேருக்கு, அதாவது 6 விழுக்காட்டினருக்கு, மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி. 12 பேர் தேறினார்கள். ஆறு பேருக்குப் பாதிப்பு நிலைத்தது. எலிகளில் காணாத ஒன்று இது. அமிலாய்டு உடலின் சொந்தப் புரதம். அதற்கெதிராக ஆன்டிபாடிகள் மட்டுமன்றி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்களும் கிளர்ந்தெழுந்ததே அழற்சிக்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

சோதனை நின்றாலும் அதில் பங்கேற்றவர்கள் இந்த வரலாற்றின் மிக முக்கியமான சாட்சிகளாயினர். சவுத்தாம்ப்டனில் ஜேம்ஸ் நிக்கோல், ஊசி பெற்று 72 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து 2003இல் எழுதினார். புறணியின் பெரும் பரப்புகளில் திட்டு துடைத்தெடுத்தாற்போல் காணப்படவில்லை. மைக்ரோகிளியா அணுக்களின் வயிற்றில் அமிலாய்டு எச்சம் இருந்தது. மனித மூளையிலிருந்து படிவை அகற்ற முடியும் என்பதற்கு முதல் சான்று அது. அடுத்த சான்று 2008இல் வந்தது, மகிழ்ச்சியளிக்காதது. கிளைவ் ஹோம்ஸும் நிக்கோலும் முதல் கட்டச் சோதனையில் பங்கேற்று இறந்தவர்களின் மூளைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். திட்டுகள் ஏறத்தாழ முற்றாக நீங்கியவர்களும் இறக்கும் முன் மறதி நோயின் கடைசிக் கட்டத்தைத் தொட்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறிது, நோயோ முற்றியிருந்தது என்று மறுப்புச் சொல்லலாம். ஆனாலும் அகற்றமும் குணமும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த ஆய்வும் காட்டவில்லை.

நிறுவனங்கள் இதற்குள் வேறு வழிக்கு மாறியிருந்தன. உடலைத் தூண்டி ஆன்டிபாடி செய்ய வைப்பதற்குப் பதில், ஆய்வகத்தில் செய்த ஆன்டிபாடியைச் சிரை வழியே ஏற்றுவது. விளைவு பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. பாபினியூசுமாப் திட்டுகளையே பற்றியது. சோலானெசுமாப் கரைந்த நிலையில் மிதக்கும் அமிலாய்டை மட்டும் பற்றியது. இரண்டும் 2012இல் மூன்றாம் கட்டச் சோதனைகளில் தோற்றன. பாபினியூசுமாப் கொடுத்தபோது எம்ஆர்ஐ படங்களில் மூளை வீக்கம் தென்பட்டதால் அளவைக் குறைத்தார்கள். குறைத்த அளவு திட்டை அசைக்கப் போதவில்லை. உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளின் கதி இன்னும் மோசம். காமா செக்ரிடேஸைத் தடுத்த செமகாசெஸ்டாட் 2010இல் நிறுத்தப்பட்டபோது, மருந்து உண்டவர்களின் நிலை உண்ணாதவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. அந்நொதிக்கு உடலில் வேறு பல வேலைகள் உண்டு. பீட்டா செக்ரிடேஸ் தடுப்பு மருந்துகளும் 2010களின் முடிவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

இத்தோல்விகளுக்குப் பின்னால் வெட்கப்பட வேண்டிய ஒரு குறையும் இருந்தது. சோதனையில் சேர்ந்தவர்களுக்கு மூளையில் அமிலாய்டு இருக்கிறதா என்றே யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் கருவி இல்லாமலும் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் அமிலாய்டில் ஒட்டும் ஒரு சாயத்தைக் கதிரியக்கமுள்ளதாக மாற்றியிருந்தனர். 2002இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் அதைச் செலுத்தி முதல் மனித பெட் ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதுவரை பிணப்பரிசோதனையில் மட்டுமே தெரிந்த திட்டு, உயிரோடிருப்பவரின் மூளையில் ஒளிர்ந்தது. பழைய சோதனைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அல்சைமர் என்று முடிவு கட்டிச் சேர்த்தவர்களில் கணிசமானோருக்கு அமிலாய்டே இல்லை என்பது தெரிந்தது. இல்லாததை அகற்றும் மருந்து எப்படி வேலை செய்யும்? அதற்குப் பின் வந்த சோதனைகள் எல்லாம் ஸ்கேனில் அமிலாய்டு தெரிந்தவர்களையே சேர்த்தன; எவ்வளவு நீங்கியது என்பதையும் ஸ்கேனிலேயே அளந்தன. பின்னர் கிடைத்த வெற்றிகளுக்கு எந்த ஒரு மருந்தையும்விட இந்த ஸ்கேனே பெரிய காரணம்.

அந்த வழியில் வந்த முதல் மருந்து அடுகானுமாப். ஜூரிக் நகரின் நியூரிம்யூன் நிறுவனம், முதுமையிலும் அறிவு மங்காதவர்களின் ரத்தத்தில் இயற்கையாகவே இருந்த ஆன்டிபாடியைத் தேடி எடுத்தது. 2016இல் நேச்சர் இதழில் வந்த படங்களில், அளவு கூடக்கூட மூளையின் சிவப்புத் திட்டுகள் மங்கிப் போவது கண்கூடாகத் தெரிந்தது. பயோஜென் நிறுவனம் இரண்டு பெரிய சோதனைகளைத் தொடங்கி, பலனில்லை என்ற இடைக்கணிப்பின் பேரில் 2019 மார்ச்சில் இரண்டையும் நிறுத்தியது. அக்டோபரில் தலைகீழ் அறிவிப்பு: முழுத் தரவையும் பார்த்தால், ஒரு சோதனையில் உயர் அளவு பெற்றவர்களின் சரிவு 22 விழுக்காடு மெதுவாகியிருக்கிறது என்றார்கள். மற்றொரு சோதனையில் பயன் எதுவும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2020 நவம்பரில் இதை ஏற்க மறுத்தது. ஆனாலும் 2021 ஜூன் 7 அன்று மருந்துக்கு விரைவு ஒப்புதல் கிடைத்தது. அமிலாய்டு குறைந்தாலே பயன் இருக்கக்கூடும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு கேள்விகளை ஒன்றாக்கும் பழைய வழக்கம் சட்ட வடிவம் பெற்ற நாள் அது. ஆலோசகர் மூவர் பதவி விலகினர். ஆண்டுக்கு 56,000 டாலர் என்ற விலையைப் பிறகு பாதியாகக் குறைத்தும் வாங்குவாரில்லை. அரசு முதியோர் காப்பீடு, சோதனைகளில் சேர்வோருக்கு மட்டுமே பணம் தருவதாகக் கூறிவிட்டது. 2024 ஜனவரியில் பயோஜென் மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அடுத்த மருந்தின் தோற்றம் வடக்கு ஸ்வீடனில். உமியோ வட்டாரக் குடும்பம் ஒன்றில் இளவயது அல்சைமர் நோய் பரவியிருந்தது. உப்சாலாவின் லார்ஸ் லான்ஃபெல்ட் அவர்களிடம் கண்ட மரபணு மாற்றம் ஆர்க்டிக் மாற்றம் எனப்பட்டது. அது அமிலாய்டு உற்பத்தியைக் கூட்டவில்லை. நாராகத் திரள்வதற்கு முந்தைய கரையும் நிலைக் கொத்துகளைக் கூட்டியது. நஞ்சு முதிர்ந்த திட்டிலன்று, இந்த இடைநிலைக் கொத்துகளில்தான் இருக்கிறது என்று 2001இல் அவர் வாதிட்டு, அவற்றைப் பற்றும் ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கினார். ஜப்பானின் ஈசாய் நிறுவனம் அதை வளர்த்து லெக்கானெமாப் ஆக்கியது. இடைநிலைக் கொத்துகள் பற்றிய ஆய்வுத்துறைக்கு ஒரு களங்கமும் உண்டு. அத்தகைய ஒரு கொத்தே எலிகளில் மறதியை உண்டாக்குகிறது என்று 2006இல் நேச்சர் வெளியிட்டு ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. லான்ஃபெல்டின் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமிலாய்டு கருதுகோளே பொய் என்று அப்போது எழுந்த கூச்சலில் இந்த வேறுபாடு அடிபட்டுப்போயிற்று.

லெக்கானெமாப் சோதனையில் 1,795 பேர் பங்கேற்றனர். எல்லோரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். எல்லோருக்கும் அமிலாய்டு உறுதி செய்யப்பட்டிருந்தது. இரு வாரத்துக்கு ஒரு முறை, 18 மாதம் மருந்து ஏற்றப்பட்டது. நினைவையும் அன்றாடச் செயல்களையும் சேர்த்து 0 முதல் 18 வரை அளக்கும் அளவுகோலில், போலி மருந்து பெற்றவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள்; லெக்கானெமாப் பெற்றவர்கள் 1.21. இடைவெளி 0.45 புள்ளி. இதை 27 விழுக்காடு என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது. பதினெட்டில் அரைப்புள்ளிக்கும் குறைவு என்றால் சிறிதாகத் தெரிகிறது. இரண்டும் உண்மை. நோயாளியின் வீட்டார் கண்ணுக்கு இவ்வேறுபாடு புலப்படுமா என்ற விவாதம் ஓயவில்லை. ஆயினும் அமிலாய்டை அகற்றும் மருந்து ஒன்று முன்கூட்டியே வகுத்த இலக்கைச் சந்தேகத்துக்கு இடமின்றி எட்டியது அதுவே முதல் முறை. 2023 ஜூலையில் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது.

ஓராண்டு கழித்து, 2024 ஜூலையில், இலை லில்லி நிறுவனத்தின் டோனானெமாப் வந்தது. முதிர்ந்த திட்டில் மட்டுமே காணப்படும், நுனி வெட்டுண்டு மாறிய அமிலாய்டை இது பற்றுகிறது. ஆகவே பழைய படிவைத் தேடிப் போய் அகற்றும். 1,736 பேர் பங்கேற்ற சோதனையில், 76 வாரத்தில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேரின் ஸ்கேன் இயல்பு நிலைக்கு வந்தது. திட்டு மறைந்ததும் மருந்தையும் நிறுத்திவிடுவது இச்சோதனையின் புதுமை. டௌ குறைவாக இருந்தவர்களுக்கு நல்ல பயன் கிடைத்தது. டௌ மிகுந்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 2008இல் சவுத்தாம்ப்டன் மூளைகள் காட்டியதை இது வேறு வழியில் உறுதிப்படுத்துகிறது. டௌ பரவிய பிறகு அமிலாய்டை எடுப்பதால் கிடைப்பது குறைவு.

இம்மருந்துகளின் பக்கவிளைவு அகற்றம் நடக்கும் முறையிலேயே இருக்கிறது. கிளென்னர் கண்டபடி அமிலாய்டு ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் படிந்திருக்கிறது. ஆன்டிபாடி அங்கும் பற்றி, காவல் அணுக்களை அழைக்கும்போது சுவர் பலவீனமாகி, நீர் கசிந்து மூளை வீங்குகிறது. சில வேளைகளில் ரத்தமும் கசிகிறது. இத்தகைய வீக்கம் லெக்கானெமாப் பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் டோனானெமாப் பெற்றவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் எம்ஆர்ஐயில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இல்லாமல் தானே சரியாகிவிடுகிறது. டோனானெமாப் சோதனையில் மூன்று இறப்புகள் இதனோடு தொடர்புடையவை. ஏபிஓஇ4 என்ற மரபணு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். இந்நோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கே மிக அதிகம் என்பதுதான் சிக்கல். ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜூலையில் லெக்கானெமாபை நிராகரித்து, நவம்பரில் அந்த வகையினரை விலக்கிவிட்டு மற்றவர்களுக்குப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் மருந்து ஒழுங்காற்று அமைப்பு அவ்வாண்டு ஆகஸ்டில் ஒப்புதல் தந்த வேளையிலேயே, செலவை எடைபோடும் அமைப்பு அரசுச் செலவில் தரும் அளவுக்குப் பயன் இல்லை என்று வரைவு முடிவை வெளியிட்டது. மருந்தின் விலை ஒரு பங்குதான். ஸ்கேன், மரபணுச் சோதனை, மாதக்கணக்கில் மருந்தேற்றம், இடையிடையே எம்ஆர்ஐ என்று செலவு நீள்கிறது.

ஆய்வின் நாட்டம் இப்போது அறிகுறி தோன்றுமுன் அகற்றுவதை நோக்கித் திரும்பியிருக்கிறது. அமிலாய்டு படியத் தொடங்கி மறதி வெளிப்பட இருபது ஆண்டுவரை ஆகிறது என்பது குடும்ப வழி நோய் பற்றிய ஆய்வுகளிலிருந்து தெரிகிறது. கொலம்பியாவின் ஆன்டியோகியா மலைப்பகுதியில் ஃபிரான்சிஸ்கோ லோபெரா பல்லாண்டு பின்தொடர்ந்த பெருங்குடும்பத்தில், கிரெனெசுமாப் என்ற ஆன்டிபாடியை அறிகுறிக்கு முன்பே கொடுத்துப் பார்த்த சோதனை 2022இல் பலனின்றி முடிந்தது. அம்மருந்து திட்டை வலுவாக அகற்றக்கூடியதன்று. சோலானெசுமாபை நலமான முதியோருக்குக் கொடுத்த சோதனையும் 2023இல் தோற்றது, அநேகமாக அதே காரணத்தால். திட்டை உண்மையில் துடைத்தெடுக்கும் லெக்கானெமாபும் டோனானெமாபும் இப்போது அறிகுறியற்றவர்களிடம் சோதிக்கப்படுகின்றன. பெட் ஸ்கேனுக்குப் பதில், டௌ புரதத்தின் ஒரு வடிவத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை ஆளைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. அத்தகைய பரிசோதனை ஒன்றை 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது.

ஏற்றும் ஆன்டிபாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மூளைக்குள் நுழைகிறது என்பது இன்னொரு தடை. 2022இல் தோல்வியடைந்த கான்டெனெருமாப் என்ற ஆன்டிபாடியை ரோஷ் நிறுவனம் இதற்காக மாற்றி அமைத்தது. இரும்பை மூளைக்குள் கொண்டுசெல்லும் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஒரு துண்டு அதில் ஒட்டப்பட்டது. டிரான்டினெமாப் எனப்படும் இந்தப் புதிய வடிவம் ரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து எளிதில் நுழைகிறது. தொடக்கச் சோதனைகளில் குறைந்த அளவிலேயே, சில மாதங்களுக்குள், பெரும்பாலோரின் படிவை அகற்றியது. வீக்கமும் குறைவாகவே இருந்தது. நோயின் சரிவை அது மெதுவாக்குகிறதா என்பதை அளக்கும் மூன்றாம் கட்டச் சோதனைகள் 2025இல் தொடங்கின.